கல்லறையில் ஒரு பாத்தி

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், யாரோ வேலையற்ற கிழவன் ஏதோ பேசுகிறான் என்று நினைத்துவிடுவீர்கள்.

திண்டுக்கல்லில் நான் குடியிருக்கிற மாடி வீடு, அஸ்திவாரக் கல்லிலிருந்து மொட்டைமாடித் தட்டோடு வரை என் கையால் கட்டியது. சின்னாளப்பட்டியில் தறிக்காரர்களுக்கு வெளிச்சம் நன்றாக விழுகிற மாதிரி ஜன்னல் வைத்து ஒரு தெருவையே கட்டியிருக்கிறேன். செம்பட்டி முக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறபோது எதிரே தெரிகிற கடைகளில் பாதி என் கைவேலை. ஆத்தூர் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில் கட்டினேன். அதன் கோபுரத்துச் சாரத்தில் ஏற ஆட்கள் பயந்தார்கள். நானே ஏறி, உச்சியில் சிலுவையை நட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். இது போக மூன்று பெண்பிள்ளைகளைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தேன். நான் படித்தது அஞ்சாப்பு, அதுவும் முழுசாக இல்லை.

அப்பா முகம் எனக்கு ஞாபகமில்லை. அம்மா வெங்காயப் பேட்டையில் வெங்காயம் தரம் பிரித்து என்னை வளர்த்தாள். விடியக்காலையில் எழுப்பிப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போவாள். அங்கிருந்து அவள் பேட்டைக்கு, நான் சித்தாள் வேலைக்கு. எந்தச் சாமானைத் தொட்டாலும் முதலில் சிலுவை போட்டுக்கொள் என்று சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கும் சாந்து பூசுகிற கரணையை எடுப்பதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்கிறேன். பக்தியில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பைபிளைச் சரளமாக வாசிக்க வராது. கோயிலில் வாசிப்பதைக் கேட்டுக்கொள்வேன்.

சாமியார்கள் பிரசங்கத்தில் அருள், அருள் என்று சொல்லுவார்கள். உழைக்காமலே, தகுதி பார்க்காமலே ஆண்டவர் கொடுக்கிறது அருள் என்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்காது. உழைக்காமல் கிடைக்கிறதெல்லாம் ஒரு பொருளா என்று தோன்றும். நான் யார் தயவிலும் வளர்ந்தவன் இல்லை என்று சம்பந்தி வீட்டில், கல்யாணத்தில், டீக்கடையில், எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் கோயில் பங்கின் கல்லறைத் தோட்டத்துக்கு ரோட்டோரமாக ஒரு பழைய சுவர் இருந்தது. ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று அதை இடித்தார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளிப் புதுச்சுவர் கட்டவேண்டும். பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டார். என் உழைப்புக்குக் கூலி வேண்டாம் சாமி, ஆனால் எங்கள் அம்மாவுக்கு ஒரு கல்லறை கட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அதுவரைக்கும் அம்மா மண்மேட்டுக்குக் கீழேதான் கிடந்தாள். அவள் செத்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. மரச்சிலுவை நட்டோம், கறையான் தின்றுவிட்டது. கோயில் பதிவில் அடக்கம் செய்த தேதி இருக்கும், எந்த இடம் என்று இருக்காது. ஆனால் எனக்கு இடம் தெரியும். சுவரிலிருந்து என் கையால் ஏழு முழம். வருஷா வருஷம் நவம்பரில் வருகிற கல்லறைத் திருநாளுக்கு அங்கேதான் போய் நிற்பேன்.

சுவர் வேலை முடிந்தபோது, அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் அந்தப் பக்கம் முழுக்கப் பரவி மேடும் பள்ளமும் ஒன்றாகிக் கிடந்தது. கண்ணுக்கு ஒரு அடையாளமும் இல்லை. எனக்குக் கண் எதற்கு, அளவு இருக்கிறதே. சுவரிலிருந்து முழம் போட்டு அளந்தேன், கயிறு கட்டினேன், வேலையைத் தொடங்கிவிட்டேன்.

கட்டி முடித்ததைப் பார்க்கவேண்டும் நீங்கள். முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டு. அதற்குள் கான்கிரீட் போட்டு, மேலே ஒட்டில்லாத ஒரே கருப்பு கிரானைட் பலகை. தலைமாட்டில் வெள்ளை மார்பிளில் அம்மா பேர். பேட்டையில் வெங்காயம் பொறுக்கினவளுக்கு அந்தத் தோட்டத்திலேயே நல்ல கல்லறை.

திருநாள் அன்று சாயங்காலம்தான் சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்த நேரத்துக்குத்தான் நான் எப்போதும் போவது. அந்த வருஷம் மட்டும் காலையிலேயே போய்விட்டேன். ஜனங்கள் வருவார்கள், பார்ப்பார்கள், யார் கட்டியது என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஆள் வேண்டும் இல்லையா. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ரோஜா மாலை சாத்தி, பக்கத்தில் நின்றேன். என் வீட்டுக்காரி சுவர் நிழலில் உட்கார்ந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. பன்னீர்ச் செம்பு ஒண்ணுதான் கையில இல்ல."

"வாரவங்களுக்கு வெவரம் சொல்ல வேணாமா?"

"செத்தவங்களைப் பாக்க வாராக. உங்களையா பாக்க வாராக?"

அப்போதுதான் ஒரு அம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஈரச்சாக்கில் சுருட்டின ஒரு கட்டு. எங்களைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். பக்கத்தில் சிறகு உடைந்த சம்மனசுச் சிலையோடு, அதாவது தேவதூதர் சிலையோடு, ஒரு பழைய சிமெண்டுக் கல்லறை உண்டு. அந்தச் சம்மனசைப் பார்த்தாள், என் கிரானைட்டைப் பார்த்தாள், மறுபடி சம்மனசைப் பார்த்தாள்.

"அய்யா, இது யாரு கட்டுனது?"

காலையிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் தாயி. எங்க அம்மாவுக்கு. மேல பாத்தியா, ஒரே கல்லு."

அவள் கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரை எங்க கொண்டுபோனீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ எடம் மாறி வந்துட்ட தாயி. கூட்டத்துல கொழம்புறது சகஜம். நான் அளந்து கட்டிருக்கேன். எனக்கு இதுதான் தொழிலு."

"நான் வருசா வருசம் வாரவ அய்யா. றெக்கை ஒடஞ்ச சம்மனசுக்கு அடுத்து எங்க வீட்டுக்காரரு. அவருக்கு அடுத்து, சுவத்துப் பக்கமா, ஒரு ஆளில்லாத குழி. எனக்குத் தெரியாதா?"

"ஆளில்லாத குழியா?"

"ஆமா. காலையில நான் வரயில ஒரு பூ இருக்காது, ஒரு மெழுகுவத்தி இருக்காது, புல்லு மண்டிக் கெடக்கும். பெத்த புள்ள யாரும் இல்லாத ஆத்துமா போலன்னு, எங்க வீட்டுக்காரருக்குப் புல்லுப் புடுங்கயில அதுக்கும் புடுங்கி விட்டு, ஒரு மெழுகுவத்தி வச்சிட்டுப் போவேன். வேலைக்குப் போகணும்ல, காலையிலேயே கெளம்பிருவேன்."

பல வருஷமாகவே, சாயங்காலம் நான் போகிறபோது அம்மாவின் மண்மேடு சுத்தமாக இருக்கும். பாதி எரிந்து அணைந்த மெழுகுவர்த்தி ஒன்றும் இருக்கும். கோயில் இளைஞர் குழுப் பையன்கள் செய்கிறார்கள் என்று நினைத்து, வருஷா வருஷம் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் டீயும் வடையும் வாங்கிக்கொடுத்திருக்கிறேன். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

என் வீட்டுக்காரி எழுந்து வந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, சுவத்தை உள்ள தள்ளித்தான கட்டுனீங்க?"

அதற்கு மேல் அளக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் அளந்தேன். பழைய சுவர் இருந்த இடத்தை ரோட்டில் கணக்குப்போட்டு, அங்கிருந்து முழம் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது முழம், புதுச்சுவருக்குக் கிட்டத்தில், களை முளைத்துக் கிடந்த மண்ணில் போய் முடிந்தது. என் அளவில் தப்பே இல்லை. சுவர்தான் நகர்ந்திருக்கிறது. அதை நகர்த்திக் கட்டியவன் நான்.

நான் சுவரை வைத்து இடம் பார்த்தேன். அந்த அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறவர்களை வைத்து இடம் பார்த்திருக்கிறாள்.

சரி, ஆனது ஆகிவிட்டது. இதையும் பெருந்தன்மையாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். "தாயி, எங்க அம்மா பேருக் கல்லைக் கழட்டிர்றேன். உங்க வீட்டுக்காரர் பேரைப் போட்ருவோம். இந்தக் கிரானைட்டு அவருக்கே இருக்கட்டும். ஒண்ணும் தர வேணாம்."

கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீழே உட்கார்ந்து ஈரச்சாக்கைப் பிரித்தாள். உள்ளே பச்சைப் பசேலென்று மரிக்கொழுந்து நாற்று. பிரித்ததுமே அந்த இடம் முழுக்க வாசம்.

"அது சரிய்யா. இதை எங்க நடுறது?"

பிறகு அவள் சொன்னதைக் கேட்டேன். அவள் வீட்டுக்காரர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஆத்தூர் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரிக்கொழுந்து போட்டவர். விதையைக் கடையில் வாங்கமாட்டாராம். தன் செடியிலேயே எடுத்து, தானே நாற்று விடுவாராம். அவர் போனதும் நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். இவள் கூலிக்குப் பூப்பறிக்கப் போகிறாள். குடியிருக்கிற வாடகை வீட்டில் ஒரு உடைந்த குடத்தில் நாற்று விடத்தான் இடம் இருக்கிறது. நாற்றைச் செடியாக்கி விதை எடுக்க வேறு மண் கிடையாது. அதனால் கல்லறைத் திருநாளுக்குத் திருநாள் அவர் மேலேயே நட்டுவிட்டு, செடி காய்கிற காலத்தில் வந்து விதையை உதிர்த்துக்கொண்டு போவாள்.

"இந்த வருசம் நடாம விட்டா அம்புட்டுத்தான் அய்யா. அவரு வித்து அத்துப்போகும். வேற எடத்துல பிச்சை கேட்டு நட எனக்கு மனசு வரல. இங்கன்னா அவரு எடம். சாயங்காலம் சாமி வரயில நாத்து மண்ணுல நிக்கணும். தீர்த்தம் அதுமேல விழணும். வருசா வருசம் அப்படித்தான்."

நான் என் கல்லைப் பார்த்தேன். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அப்படித்தான் கட்டியிருந்தேன்.

என்னிடம் வேலைபார்க்கிற கொத்தனாருக்குப் போன் போட்டேன். "மேஸ்திரி, நான் எங்கப்பா கல்லறையில நிக்கிறேன், இன்னைக்கு எப்படி?" என்றான். இன்னொருவனும் அதையேதான் சொன்னான். கிறிஸ்தவன் அல்லாத கொத்தனார் ஒருவன் இருந்தான், அவன் பழனிக்குப் போயிருந்தான். சரி என்று வீட்டுக்கு வண்டியில் போய் உளி, சுத்தியல், கடப்பாரை, கல் அறுக்கிற மெஷின் எல்லாவற்றையும் நானே எடுத்து வந்தேன். வெள்ளைச் சட்டையைக் கழற்றிச் சம்மனசின் கையில் மாட்டினேன். கல்லறை மண்டபத்திலிருந்து வயர் இழுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினேன்.

கல்லை முழுசாக எடுத்துவிடலாம், அது சுலபம். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. நாலு பக்கமும் சாண் அகலத்துக்குக் கல்லை விட்டுவிட்டு நடுவில் மட்டும் சதுரமாக அறுத்து எடுத்தால் என்ன? கல்லறையும் நிற்கும், உள்ளே பாத்தியும் இருக்கும். அதுவரைக்கும் அப்படி ஒரு கல்லறையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மண்டையில் அது உதித்த நொடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கல்லை அறுத்தாகிவிட்டது. அடியில் இருந்த கான்கிரீட்தான் உயிரை வாங்கியது. நான் எவ்வளவு நல்ல மேஸ்திரி என்பது என் கட்டை நானே உடைத்த அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. உளி தெறித்தது, சில்லுச் சில்லாகத்தான் வந்தது. முட்டி வலி, இடுப்பு வலி. மெழுகுவர்த்தியோடு வந்த ஜனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவர் கேட்டார், "என்னண்ணே, போன வாரம் கட்டுனதை இந்த வாரம் இடிக்கிறீக?"

"கட்டுனவனுக்குத்தான்யா இடிக்கவும் தெரியும். நகருங்க, சில்லு தெறிக்கும்."

கான்கிரீட்டை எடுத்தபின் குழியை நல்ல மண்ணால் நிரப்ப வேண்டும். நான் கேட்பதற்கு முன்பே என் வீட்டுக்காரி முந்தானையைச் சும்மாடு கோலித் தலையில் வைத்துக்கொண்டு சட்டியைத் தூக்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சித்தாளாக இருந்த காலத்தில் பழகியவர்கள். மாடி வீட்டுக்குப் போனபின் அவள் சட்டி தூக்கியதில்லை.

"மாடி வீட்டுக்காரின்னு பேருதான். கடைசியில பழைய வேலைக்கே கூட்டியாந்துட்டீங்க" என்றாள்.

"வெரசா வா, பேச்சைக் குறை. மேஸ்திரி பாத்தா அரைக்கூலிதான்."

"அந்த மேஸ்திரியைக் கட்டிக்கிட்டுத்தான் இந்தக் கதி."

அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தாள். சரளையை ஒதுக்கி, கட்டிகளைக் கையாலேயே உடைத்து, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கினாள். மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்தோம். சுத்தியல் அடிக்கிறபோது எனக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. யார் தயவிலும் வளராதவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், என் அம்மா தலைமாட்டில் இவள் வைத்த மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கூலிக்குப் பூப்பறிக்கிறவள், தன் காசில் வாங்கினது. யாருக்கு என்று தெரியாமல், யாரும் பார்க்காமல். என்னைத் தெரிந்து செய்திருந்தால் ஒரு நன்றி சொல்லி முடித்திருப்பேன். இதை எப்படி முடிப்பது? பிரசங்கத்தில் சொல்கிற அந்த அருள் இதுதான் என்றால், ஆண்டவரே, அதை இத்தனை நாளும் வேண்டாம் என்று சொன்னவனுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறீர். தோத்திரம். வேர்வையோடு வேர்வையாகக் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அதை யாரும் பார்க்கவில்லை, இப்போது நான் சொன்னால்தான் தெரியும்.

வெயில் சாய்கிறபோது மண்ணைச் சமப்படுத்தி முடித்தோம். அம்மாவின் பேருக் கல்லைப் பெயர்த்து, சுவரோரம் அவளுடைய சரியான இடத்தில் சாய்த்துவைத்தேன். அந்த அம்மா முட்டிபோட்டு வரிசையாக நாற்று நட்டாள். பாத்தி நிறைந்தபின் ஒரு கைப்பிடி நாற்று மீந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போய், அதை என் அம்மா மேல் நட்டாள்.

"இனிமே இது ஆளிருக்கிற குழிதானய்யா" என்றாள்.

சாமியார் தீர்த்தச் செம்போடு ஒவ்வொரு வரிசையாக வந்து சேர்ந்தார். புழுதியும் சிமெண்டுமாக நின்ற எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள், சுவர் விஷயம் உட்பட. அவர் கண்ணை மூடிச் செபம் ஒன்று சொன்னார். பிறகு இரண்டு இடத்திலும் நன்றாகத் தெளித்தார். நாற்றின் மேல் தண்ணீர் விழுந்ததும் வாசம் எழும்பியது. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வேகமாகப் போய்விட்டாள், போகிறபோது திரும்பி, "வாரேன்யா" என்றாள்.

விதை நன்றாக எடுத்தாள். அந்த வருஷமும் எடுத்தாள், அதற்கு அடுத்தும் எடுத்தாள். அம்மாவுக்கு நான் மறுபடியும் கல்லறை கட்டியபோது, முதலிலேயே நடுவில் பாத்தி விட்டுத்தான் கட்டினேன். பார்த்தவர்கள் எங்களுக்கும் இப்படியே கட்டிக்கொடு என்றார்கள். சிமெண்டை உடைத்துப் பாத்தி வைத்துக்கொடுத்த பழைய கல்லறைகளும் உண்டு. நாற்றெல்லாம் அந்த அம்மா கொண்டுவருவது. இப்போது தை மாதம் எங்கள் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்குள் நுழைந்தால் பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வெளியூர்ப் பங்குகளிலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவையில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். "இறைவனின் அருளால் மலர்ந்த தோட்டம்" என்று எழுதியிருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. அது எனக்கே நடந்தது, எழுதியவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு வெயிலில் குந்தி உட்கார்ந்து உளி அடித்தது யார்? நடுவில் பாத்தி விடலாம் என்று யாருக்குத் தோன்றியது?

இப்போது இருக்கிற சாமியாரிடம் போய்க் கேட்டேன். "அண்ணே, ஆண்டவருக்குத் தெரியும், விடுங்க" என்றார்.

"அவருக்குத் தெரியும் சாமி. பங்கு மக்களுக்குத் தெரியலையே."

அந்த அம்மாவிடமும் கேட்டேன். "எம்பேரு வேணாம்யா, நாத்து வாடாம இருந்தாப் போதும்" என்றாள். அவளுக்கு வேண்டாமென்றால் அது அவள் இஷ்டம். என் கருத்தைக் கேட்டால், அவள் பேரைத்தான் முதலில் எழுத வேண்டும். யோசனையும் கட்டுவேலையும் என்னுடையவை, அவற்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சட்டி தூக்கியதற்கு என் வீட்டுக்காரி பேரையும் போட வேண்டும்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அந்தப் போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்களாம். பேரவையில் இருக்கிறவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆண்டவர் பேர் மேலே பெரிசாக இருக்கட்டும். அதற்குக் கீழே, பாத்தி விட்டுக் கல்லறை கட்டியவர் என்று எழுதி, பக்கத்தில் என் முழுப் பேரையும் எழுதுங்கள். பேருக்கு முன்னால் மேஸ்திரி என்று போட மறக்கக் கூடாது.